தீர்மானிக்க முடியாத சபை எதற்கு? மலையகப் பங்குகளில் அருட்பணிச் சபை

இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோவிலுக்கு ஒரு பரிபாலன சபை இருக்கும். திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு எவ்வளவு அறவிடுவது, எந்தக் குருக்களை அழைப்பது, தேர் எந்த லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) வரைக்கும் போவது, மைக் செட் யாரிடம் எடுப்பது என்று எல்லாவற்றையும் அந்தச் சபை கூடித் தீர்மானிக்கும். குருக்கள் வருவார், பூசையை நடத்திக் கொடுப்பார், தட்சணை வாங்கிக்கொண்டு போவார். சபைக்குப் பிடிக்காவிட்டால் அடுத்த வருடம் வேறு குருக்கள்.

அதே தோட்டத்தில் கொஞ்சம் கீழே ஓர் அந்தோனியார் கோவில் இருக்கும். அந்தக் கோவில் சேர்ந்திருக்கிற பங்குக்கும் ஒரு சபை உண்டு. அருட்பணிச் சபை என்பார்கள்; சில இடங்களில் மேய்ப்புப்பணிச் சபை, பங்குப் பேரவை. பேச்சில் பெரும்பாலும் வெறும் ‘கமிட்டி’தான். பரிபாலன சபையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதுவும் அதைப் போல ஒன்று என்றே தோன்றும். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டப்படி இந்தச் சபைக்கு எதையும் இறுதியாகத் தீர்மானிக்கும் அதிகாரம் கிடையாது. பங்குத்தந்தையை, அதாவது பங்குக்குப் பொறுப்பான குருவை, நியமிக்கவோ மாற்றவோ அதனால் முடியாது. பூசை நேரத்தைக்கூட அது சொல்லலாமே தவிர, மாற்றுகிறவர் அவர்.

அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பசியோடு, இரண்டு மணித்தியாலம் எதற்காக உட்கார வேண்டும்? நியாயமான கேள்வி. மலையகத்தில் ஒரு பங்குத்தந்தை தன்பாட்டில் தெரிந்துகொள்ள முடியாத விஷயங்கள் ஏராளம். அவற்றை ஒழுங்காக அவருடைய மேசைக்குக் கொண்டுபோக இருக்கிற வழி இந்தச் சபை. யார் கொண்டுபோகிறார்கள், யாருடைய விஷயத்தைக் கொண்டுபோகிறார்கள் என்பதைப் பொறுத்தே அது உயிரோடு இருக்கிறதா, பெயருக்கு இருக்கிறதா என்பது தெரியும். சரி, அடிப்படையிலிருந்து வருவோம்.

பங்கு என்பது பொதுவாக ஒரு குறிப்பிட்ட பகுதியில் வாழும் கத்தோலிக்கர்களின் சமூகம். அதை உருவாக்குவதும் எல்லையை மாற்றுவதும் ஆயரின் பொறுப்பு. பங்குத்தந்தையை நியமிப்பவரும் அவரே. பல பங்குகள் சேர்ந்தது மறைமாவட்டம். மலையகத் தமிழர் வாழும் தோட்டங்களில் பெரும்பகுதி இரண்டு மறைமாவட்டங்களுக்குள் வரும். கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்டங்கள் கண்டி மறைமாவட்டம். பதுளையும் மொனராகலையும் 1972இல் உருவான பதுளை மறைமாவட்டம். சப்ரகமுவப் பக்கத்துத் தோட்டங்கள் 1995இல் உருவான இரத்தினபுரி மறைமாவட்டத்தைச் சேரும். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அருட்பணிச் சபையின் விதிகள் மறைமாவட்டத்துக்கு மறைமாவட்டம் வேறுபடும். ஹட்டனில் இருக்கும் மாமா சொன்ன நடைமுறை பண்டாரவளையில் இருக்கும் மருமகனுக்குப் பொருந்தாமல் போகலாம்.

உலகம் முழுவதற்கும் பொதுவான சட்டம் ஒன்று உண்டு. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், பொதுநிலையினர் (குருவோ துறவியோ அல்லாத விசுவாசிகள்) வெறுமனே கேட்டுக்கொண்டு இருப்பவர்கள் இல்லை, திருச்சபையின் பணியில் அவர்களுக்கும் சொந்தப் பங்கு உண்டு என்று அழுத்திச் சொன்னது. பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றி அது 1965இல் வெளியிட்ட ஆவணம், குருக்களும் துறவிகளும் பொதுநிலையினரும் சேர்ந்து இருக்கும் சபைகள் மறைமாவட்டத்தில் வேண்டும், முடிந்தால் பங்கு மட்டத்திலும் வேண்டும் என்றது. அந்த எண்ணம் 1983இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 536ஆம் எண்ணாகச் சட்ட வடிவம் பெற்றது. அது சொல்வதைச் சுருக்கமாக வைத்தால் இப்படி வரும்: ஆயர் தம் குருக்கள் மன்றத்தின் கருத்தைக் கேட்டபின் பொருத்தம் என்று கண்டால், ஒவ்வொரு பங்கிலும் அருட்பணிச் சபை அமைக்கப்பட வேண்டும். பங்குத்தந்தையே அதற்குத் தலைமை தாங்குவார். அதன் வேலை பங்கின் அருட்பணியை வளர்க்க உதவுவது. அதற்கு இருப்பது ஆலோசனை வாக்கு மட்டும். ஆயர் வகுத்த விதிகளின்படி அது நடக்க வேண்டும்.

‘ஆலோசனை வாக்கு மட்டும்’ என்ற இடத்தில்தான் பலருக்கும் முகம் சுருங்கும். பன்னிரண்டு பேர் கையை உயர்த்தி ஒன்றைச் சொல்ல, பங்குத்தந்தை ஒருவர் வேறொன்றைச் செய்யலாம் என்றால் என்ன நியாயம்? சட்டத்தை மட்டும் பார்த்தால், ஆம், செய்யலாம். ஆனால் அதே சட்டத் தொகுப்பின் 212ஆம் எண் இன்னொன்றும் சொல்கிறது. தங்கள் அறிவுக்கும் தகுதிக்கும் ஏற்ப, திருச்சபையின் நன்மை தொடர்பான கருத்தை மேய்ப்பர்களிடம் எடுத்துச் சொல்ல விசுவாசிகளுக்கு உரிமை உண்டு. சில வேளைகளில் அது கடமையும்கூட. கேட்பவருக்கு இறுதி முடிவு, சொல்பவருக்குச் சொல்லும் கடமை. இரண்டும் சேர்ந்துதான் ஆலோசனை. சாமி (பங்குத்தந்தை) என்ன சொன்னாலும் தலையாட்டுவது ஆலோசனையில் சேராது. பெரும்பான்மை எங்களிடம் இருக்கிறது என்று மிரட்டுவதும் சேராது.

இன்னொரு சபையும் இருக்கிறது. இதை மறந்துவிட்டே பலர் சண்டை போடுகிறார்கள். நிதிச் சபை. அருட்பணிச் சபை வேண்டுமா என்பதை ஆயர் முடிவு செய்யலாம். நிதிச் சபை அப்படியில்லை. 537ஆம் எண்ணின்படி ஒவ்வொரு பங்கிலும் அது கட்டாயம் இருக்க வேண்டும். பங்கின் சொத்தையும் பணத்தையும் நிர்வகிப்பதில் பங்குத்தந்தைக்கு உதவுவது அதன் வேலை. வத்திக்கானின் குருக்களுக்கான பேராயம் 2020இல் பங்குகள் பற்றி வெளியிட்ட அறிவுறுத்தல், நிதிச் சபையில் குறைந்தது மூன்று பேராவது இருக்க வேண்டும் என்கிறது. அதையும் தாண்டி, விசுவாசிகள் கொடுத்த காணிக்கைக்கு விசுவாசிகளிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்று 1287ஆம் எண் சொல்கிறது. எப்படிக் காட்டுவது என்பதை அந்தந்த இடத்து விதி வகுக்கும். கணக்கைக் கேட்பது சாமியாரைச் சந்தேகப்படுவது என்று நம்மில் நிறையப் பேர் இன்னும் நினைக்கிறார்கள். சட்டமே காட்டச் சொல்லும் கணக்கைக் கேட்பதில் என்ன மரியாதைக் குறைவு?

சிறிய பங்குகளில் இரண்டு சபையிலும் ஒரே முகங்கள் இருக்கும். ஆள் இல்லாத இடத்தில் வேறு வழியில்லை. ஆனால் கூட்டம் ஒன்றாக நடந்தாலும் வேலையைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். மறைக்கல்விக்கு வராத பிள்ளைகளைப் பற்றிப் பேச உட்கார்ந்து, தகரம் என்ன விலை என்று தொடங்கினால் அன்றைய கூட்டம் தகரத்திலேயே முடியும்.

சட்டம் 1983இல் வந்தது என்றாலும், மலைநாட்டில் பொதுநிலையினர் திருச்சபையைத் தாங்கிய கதை அதைவிட மிகப் பழையது. கோவாவிலிருந்து 1687இல் இலங்கைக்கு வந்த புனித யோசேவ் வாஸ், 1692இல் கண்டிக்குப் போனார். போர்த்துக்கேய உளவாளி என்ற சந்தேகத்தில் அவரைச் சிறையில் வைத்தார்கள். கரையோரத்தில் ஒல்லாந்தர் ஆட்சி கத்தோலிக்கத்தைத் தடை செய்திருந்த காலம் அது. குருக்களை விரல்விட்டு எண்ணலாம். ஒரு கிராமத்தில் பூசை வைத்துவிட்டுப் போனால் அடுத்த முறை எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. இடைப்பட்ட காலத்தில் செபம் சொல்லவும், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கொடுக்கவும், சாகக் கிடப்பவர் பக்கத்தில் இருக்கவும் பொதுநிலையினரான மூப்பர்களும் அண்ணாவிமாரும் இருந்தார்கள். 1711 ஜனவரி 16இல் அவர் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14இல் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது கொண்டாடப்பட்டவர் அவர் ஒருவர்தான். பெயர் தெரியாத அந்த மூப்பர்களையும் நினைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களில் கத்தோலிக்கர்களும் இருந்தார்கள். தோட்டங்கள் தூரம் தூரமாக இருந்தன, சாமி எப்போதாவது வருவார், அதுவரை மறைக்கல்வி கொடுக்கும் உபதேசியார்தான் எல்லாம். இன்றைக்கும் நிலைமை முழுவதாக மாறிவிடவில்லை. பட்டணத்தில் பங்குக் கோவில், சுற்றியுள்ள தோட்டங்களில் கிளைக் கோவில்கள், ஒரு பங்குத்தந்தை, அவரிடம் ஒரு பழைய வாகனம். மழைக்காலத்தில் பாதை வழுக்கும். மாதம் ஒரு பூசை கிடைக்கிற தோட்டங்கள் உண்டு.

மூப்பர், உபதேசியார் ஆகியோரின் இடத்துக்கும் அருட்பணிச் சபையின் இடத்துக்கும் ஒரு முக்கிய வேறுபாடு இருக்கிறது. உபதேசியார் சாமி சொன்னதைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். சபை உறுப்பினர் தோட்டத்தில் இருப்பதைச் சாமியிடமும் கொண்டுபோக வேண்டும். இந்த இரண்டாவது பயணம் நமக்கு இன்னும் பழகவில்லை.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பட்டணத்திலிருந்து ஏழு மைல் தள்ளி ஒரு தோட்டம், அங்கே ஒரு சின்னக் கோவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மாலை நாலரை மணிக்குப் பூசை. பத்துப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள், பெரும்பாலும் வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும். பங்குத்தந்தை பார்க்கிறார்: ஆள் இல்லை. அந்தத் தோட்டத்துக்கு விசுவாசம் குறைந்துவிட்டது போல, பூசையை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஆக்கலாமா என்று யோசிக்கிறார். அவர் கெட்டவர் இல்லை. அவர் கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான்.

அந்தத் தோட்டத்திலிருந்து கொழுந்து எடுக்கும் ஒரு பெண் சபையில் இருந்தால் என்ன சொல்வார்? ‘சாமி, நாலரைக்கு நாங்க மலையிலதான் இருப்போம். கொழுந்து நிறுத்து முடிச்சுக் கீழே இறங்க அஞ்சாகும். பிள்ளைக் காம்பராவுல இருந்து பிள்ளையைத் தூக்கிட்டு, குளிச்சிட்டு வர ஆறரை. அதுவும் பேர் போடலைனா அன்னிக்கி அரைப் பேர்தான்.’ ஒரு நாளைக்கு எவ்வளவு கிலோ எடுத்தால் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழும், எந்த மாதத்தில் கொழுந்து கூட, எந்த மாதத்தில் குறைவு, எந்த வாரம் சம்பளம் என்பதெல்லாம் செமினறியில் சொல்லிக்கொடுக்கும் பாடங்கள் இல்லை. அந்தப் பெண் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார். பூசையை ஏழு மணிக்கு வைப்பதா, சாமி இருட்டில் அந்தப் பாதையால் திரும்பி வர முடியுமா, அன்றிரவு தோட்டத்திலேயே தங்கலாமா, அல்லது ஞாயிறு பிற்பகலுக்கு மாற்றலாமா என்று பேச்சு அப்புறம் சரியான திசையில் போகும். முடிவு பங்குத்தந்தையுடையதுதான். ஆனால் ‘விசுவாசம் குறைந்துவிட்டது’ என்ற தவறான காரணத்தின் மேல் எடுத்த முடிவாக அது இருக்காது.

ஆலோசனை வாக்கின் பெறுமதி எனக்கு இந்த இடத்தில்தான் தெரிகிறது. அதிகாரம் இல்லாத ஒருவர், அதிகாரம் இருப்பவருக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்து வைத்திருக்கிறார்.

இதற்காகவே சபையில் யார் இருக்க வேண்டும் என்பது பெரிய விஷயமாகிறது. மறைமாவட்ட அருட்பணிச் சபைக்கான 512ஆம் எண், உறுப்பினர்களைத் தெரிவு செய்யும்போது மக்களின் பல்வேறு பகுதிகள், சமூக நிலைகள், தொழில்கள் எல்லாவற்றையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. உறுதியான விசுவாசம், நல்லொழுக்கம், விவேகம் உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பங்குச் சபைக்கும் அதே அளவுகோல் பொருந்தும். இப்போது உங்கள் பங்குச் சபையை மனதுக்குள் வரிசையாக உட்கார வைத்துப் பாருங்கள். இரண்டு ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற ஒரு கிளாக்கர், டவுனில் கடை வைத்திருக்கும் ஒருவர், மரியாயின் சேனையிலிருந்து ஒரு டீச்சரம்மா, இளைஞர் ஒன்றியத் தலைவர். எல்லோரும் நல்லவர்கள். நன்றாகப் பேசுவார்கள், கூட்டறிக்கை எழுதுவார்கள். கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிய ஒருவர்கூட அந்த வரிசையில் இல்லை என்றால், பங்கின் பெரிய பகுதி அந்த அறைக்கு வெளியே நிற்கிறது.

ஏன் வருவதில்லை? அவர்களைத் தெரிவு செய்வதில்லை. தெரிவு செய்தாலும் வருவதற்கு வழி செய்வதில்லை. டவுனுக்கு வர பஸ் காசு, ஞாயிறு ஒரு நாள்தான் துணி துவைக்க, விறகு எடுக்க, சாமான் வாங்க. வந்தாலும் டீச்சர்மார் முன்னால் வாயைத் திறக்கக் கூச்சம். கூட்டத்தைச் சுற்றுமுறையில் தோட்டக் கோவில்களிலேயே வைத்துப் பார்க்கலாம். பங்குத்தந்தை தானாகவே ஒவ்வொருவரிடமும் ‘உங்க பக்கம் என்ன நிலைமை’ என்று கேட்டுவிட்டால் கூச்சம் பாதி போகும். பெண்கள் பேசி முடிக்கும் வரை ஆண்கள் குறுக்கே பேசாமல் இருந்தால் மீதியும் போகும். ஆனால் அது சட்டம் போட்டு வரவைக்க முடியாத விஷயம்.

தொழிற்சங்கத் தலைவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோட்டத்தில் தலைவர் என்றால் துரையிடம் (தோட்ட மேலாளரிடம்) போய்ப் பேசுகிறவர், சனங்களுக்கு நம்பிக்கையான ஆள். கோவில் சபைக்கும் இயல்பாக அவரையே போடுவார்கள். அவருக்குத் தோட்டத்தின் நாடி தெரியும் என்பதால் அதில் நன்மை உண்டு. கஷ்டம் என்னவென்றால், பேரம் பேசிப் பழகியவருக்குப் பங்குத்தந்தையும் ஒரு துரையாகத் தெரியத் தொடங்குவார். ‘நாங்க இதை விட்டுக்கொடுக்கிறோம், நீங்க அதைச் செய்யுங்க.’ அத்தோடு ஒரு தோட்டத்தில் இரண்டு மூன்று சங்கங்கள் இருக்கும். ஒரு சங்கத்துத் தலைவர் சபைக்கு வந்தால் மற்றச் சங்கத்துக்காரர் கோவில் வேலைக்குக்கூட வராமல் ஒதுங்குவார். தலைவர்களை ஒதுக்கச் சொல்லவில்லை. சங்கக் கொடியை வாசலில் வைத்துவிட்டு வரச் சொல்ல வேண்டும்.

மொழி இன்னொன்று. பட்டணப் பங்குகளில் தமிழரும் சிங்களவரும் ஒரே கோவிலுக்குப் போகிறார்கள். ஞாயிறு காலை நல்ல நேரம் எந்த மொழிப் பூசைக்கு, கிறிஸ்மஸ் இரவுப் பூசையில் எத்தனை பாட்டு எந்த மொழியில், திருவிழாவில் யார் சொரூபத்தைத் தூக்குவது என்ற சின்ன விஷயங்களில் பெரிய மனக்கசப்பு ஒளிந்திருக்கும். 1983 ஜூலை இனக் கலவரத்தை நினைவில் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் அதே கோவிலுக்குத்தான் வருகின்றன. சபைக் கூட்டம் சிங்களத்தில் மட்டும் நடந்தால் தோட்டத்துக்காரர் வந்து உட்கார்ந்து, டீ குடித்து, எழும்பிப் போவார். தமிழில் மட்டும் நடந்தால் மற்றவர்களுக்கு அதே கதி. ஒவ்வொரு விஷயத்தையும் இரண்டு மொழியிலும் சொல்ல ஓர் ஆளை வைத்தால் கூட்டம் அரை மணித்தியாலம் நீளும். நீளட்டும்.

திருவிழாவுக்கு வருகிறேன். ஜூன் மாதம் அந்தோனியார், செப்டெம்பரில் வேளாங்கண்ணி மாதா, இடையில் ஒவ்வொரு கிளைக் கோவிலுக்கும் ஒரு பாதுகாவலர். கொடியேற்றம், நவநாள், நற்கருணைப் பவனி, அன்னதானம், சொரூபப் பவனி, வாணவேடிக்கை. நானும் இதையெல்லாம் ரசிக்கிறவன்தான். வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகள் வீட்டுக்கு வருவது தீபாவளிக்கு வராவிட்டாலும் திருவிழாவுக்கு. ஆனால் பல பங்குகளில் அருட்பணிச் சபை என்ற பெயரில் இருப்பது உண்மையில் திருவிழாக் கமிட்டி. திருவிழாவுக்கு இரண்டு மாதம் முன்னால் உயிர் பெறும், கணக்கு வாசித்த கையோடு படுத்துவிடும். அதற்கு ஒரு தனிக் குழுவைப் போட்டுவிட்டு, சபை மற்ற விஷயங்களைப் பார்த்தால் நல்லது.

மற்ற விஷயங்கள் என்றால் என்ன? அம்மா மத்திய கிழக்கு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்ட வீடுகளில் பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள். முதல் நன்மைக்கு ஆயத்தப்படுத்தத் தமிழில் மறைக்கல்வி கொடுக்க எந்தத் தோட்டத்தில் ஆசிரியர் இல்லை. கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் இளைஞர்கள் ஊருக்கு வரும்போது யாராவது அவர்களோடு பேசுகிறார்களா. சைவக் குடும்பத்தில் பெண் எடுத்தவர்கள், கொடுத்தவர்கள் திருமணத்துக்கு முன் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் நிற்கிறார்களா. படுக்கையில் இருக்கும் எந்தப் பாட்டிக்கு நற்கருணை போகவில்லை. சாராயத்தால் உடையும் வீடுகள். அருட்பணி என்றால் இவைதான்.

பேசக் கூடாதவையும் உண்டு. விசுவாசக் கோட்பாடு, அருட்சாதனங்களின் ஒழுங்கு, பூசை எப்படி நடக்க வேண்டும் என்பதெல்லாம் சபையின் கையில் இல்லை. ஒரு குடும்பத்தின் அந்தரங்கம் கூட்டறிக்கையில் ஏறக் கூடாது. சாராயப் பிரச்சினையைப் பேசலாம். மூன்றாம் லயத்து இன்னாரின் குடியைப் பேசக் கூடாது. லயத்தில் சுவர் ஏற்கனவே மெல்லியது.

கோவில் கட்டடம் பழுதாகும்போது மலையகத்தில் மட்டும் வரும் ஒரு சிக்கலையும் சபை தெரிந்து வைத்திருக்க வேண்டும். பல தோட்டக் கோவில்கள் நிற்பது தோட்டக் காணியில். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனது. காணி அரசினுடையது, நிர்வாகம் கம்பனியுடையது, கோவிலைக் கட்டி வெள்ளையடித்து வைத்திருப்பவர்கள் தோட்டத்துச் சனங்கள். கூரையை மாற்றவோ, பின்பக்கம் ஓர் அறை கட்டவோ, யாரிடம் கடிதம் வாங்க வேண்டும் என்பதை முன்கூட்டியே பார்க்காமல் நிதி சேர்த்துவிட்டு, பிறகு வேலை நிறுத்தப்பட்டு முழிப்பது நடக்கக் கூடியது. பங்கின் சட்டபூர்வமான பிரதிநிதி பங்குத்தந்தை. கடிதத்தில் கையெழுத்திட வேண்டியவரும் அவரே. சபைச் செயலாளர் தன் கையெழுத்தில் துரைக்கு எழுதினால் அது பங்கின் கடிதம் ஆகாது.

மண்சரிவைப் பற்றிப் பேசாமல் மலையகத்தில் எந்தச் சபையைப் பற்றியும் பேச முடியாது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மலைநாடு முழுவதும் மண் இறங்கியது. இப்படியான நேரத்தில் கோவில் மண்டபம் தங்குமிடமாகிவிடும். உடுப்பும் அரிசியும் வரத் தொடங்கும். எந்த லயத்தில் எத்தனை பேர், யாருக்கு நடக்க முடியாது, யார் கர்ப்பிணி, எந்த வீட்டுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயம் என்று எழும்பச் சொல்லி அறிவித்தல் கொடுத்திருக்கிறது என்ற விவரம் சபையிடம் ஏற்கனவே இருந்தால் முதல் நாள் வீணாகாது. இல்லாவிட்டால் கோவிலுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு மூன்று பொதி, மேல் லயத்துக்கு ஒன்றுமில்லை. அந்த விவரத்தை எடுக்கும்போது கத்தோலிக்க வீடுகளை மட்டும் எண்ணுவது பெரிய பிழை. மண் வேதம் பார்த்து இறங்குவதில்லை.

சரி, பங்குத்தந்தை சபையைக் கூட்டுவதே இல்லை, கூட்டினாலும் கேட்பதே இல்லை என்றால்? அவர் இல்லாமல் சபை தானாகக் கூட முடியாது. கூடினால் அது வெறும் கூட்டம். முதலில் நேரில், தனியாகப் போய்ப் பேசுங்கள். பெரும்பாலும் விஷயம் அங்கேயே முடியும், ஏனென்றால் பல இடங்களில் சபை நின்றுபோனதற்குக் காரணம் பழைய சண்டை ஒன்று. முடியாவிட்டால் மறைக்கோட்ட முதல்வர் (அயல் பங்குகளைச் சேர்த்துக் கவனிக்கும் குரு) இருக்கிறார், ஆயர் இருக்கிறார். என்ன நடந்தது, என்ன கேட்கிறோம் என்பதை மட்டும், பெயர் போட்டு, ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பெயரில்லாக் கடிதமும் முகநூல் பதிவும் அந்த வேலையைச் செய்யாது. சனங்களின் கோபத்துக்குக் காரணம் இருக்கலாம். ஆனாலும் கோவிலைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவது பரிபாலன சபைப் பழக்கம். இங்கே அதற்கு இடமில்லை.

பொதுத் திருச்சபையும் இந்தப் பக்கம்தான் நகர்கிறது. 2021இல் தொடங்கி 2024 ஒக்டோபரில் முடிந்த ஆயர் மாமன்றம், தன் இறுதி ஆவணத்தில், பங்கு அருட்பணிச் சபை போன்ற பங்கேற்பு அமைப்புகளைக் கட்டாயமாக்க வேண்டும், அவை பெயரளவில் இருந்தால் போதாது, உண்மையாக இயங்க வேண்டும் என்று கேட்டது. சட்டத் தொகுப்பின் 536ஆம் எண்ணில் இருக்கும் ‘ஆயர் பொருத்தம் என்று கண்டால்’ என்பது ஒருநாள் மாறினாலும் மாறலாம். ஆலோசனை வாக்கு என்பது மாறப்போவதாகத் தெரியவில்லை. பங்குத்தந்தை ஆயரின் பிரதிநிதியாக நிற்கிறார் என்ற அமைப்பிலிருந்து வருவது அது.

உங்களைப் புதிதாகச் சபைக்குத் தெரிவு செய்திருந்தால், முதல் கூட்டத்துக்கு முன் மறைமாவட்டத்தின் அருட்பணிச் சபை யாப்பு ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள். எத்தனை வருடப் பதவி, யார் தெரிவு செய்வது, வருடத்துக்கு எத்தனை கூட்டம் என்பதெல்லாம் அதில் இருக்கும். கடந்த வருடத்துக் கூட்டறிக்கைகளையும் பாருங்கள். பேசிவிட்டு விட்டுப்போன விஷயங்கள் அங்கே வரிசையாகக் கிடக்கும். பிறகு ஒரு சனிக்கிழமை பின்னேரம் உங்கள் தோட்டத்து லயங்கள் பக்கம் போய், பூசைக்கு வராதவர்களின் வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வாருங்கள். வருகிறவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று பங்குத்தந்தைக்கு ஏற்கனவே ஓரளவு தெரியும்.